பழவேற்காடு பறவைகள் காப்பகம்

பழவேற்காடு பறவைகள் காப்பகம், திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. 1980-இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பளவு 153.67 ச.கி.மீ. ஆகும். இக்காப்பகம் அமைந்துள்ள பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது.

இது தேசியப் பூங்கா அன்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் மக்களின் உரிமைகள் நீடிப்பதில்லை. காப்பகத்தில் சில உரிமைகள் தொடரலாம். அதனால் இங்கு பறவைகள் இரை தேடும் அதே நீரில் மீனவர்களும் வலை விரிக்கின்றனர்.

நில அமைப்பு

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட மணல்திட்டு உள்ளது. அதன் பெரும்பகுதி, விண்வெளி மையம் அமைந்துள்ள சிறீஅரிக்கோட்டாத் தீவு. கடலோர மணல்மேடுகளில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இம்மேடுகள் புயல் அலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. மேடுகளைத் தாண்டினால் ஆழமற்ற நீர்ப்பரப்பு, சேற்றுத்திட்டு, உப்புமண் வெளி என நிலம் மாறிக்கொண்டே செல்லும். ஆரணியாறு, காளாங்கியாறு, சுவர்ணமுகி ஆகியவை ஏரிக்கு நன்னீர் தருகின்றன. எனவே வடகிழக்குப் பருவமழையில் நீரின் உப்பு குறையும், கோடையில் மிகும்.

முகத்துவாரமும் கோட்டைக்குப்பமும்

ஏரியின் உயிர்நாடி முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அலைகள் கொண்டுவரும் மணல் கோடையில் இவ்வழியை அடைத்துவிடுவதுண்டு. அப்போது இறால் வரத்து குறைகிறது. படகுகளும் கடலுக்குச் செல்ல இயலாது. கரையைக் காக்கும் அதே மணல்தான் பிழைப்பையும் முடக்குகிறது.

முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டப் பகுதிகளில் இறால் மிகுதி. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்ட அங்கு இடமில்லை. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட மீனவ ஊர்கள் இதற்காகவே ‘பாடு’ முறையை வகுத்துக்கொண்டன. நல்ல இடங்களில் வலை கட்டும் உரிமை முறை வைத்துச் சுழற்சியாகப் பகிரப்படுகிறது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதை ஊரே முடிவு செய்கிறது.

பார்வையாளர்களுக்கு

அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகளைக் காண ஏற்ற காலம். பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை ஆகியவற்றைக் காணலாம். சென்னையிலிருந்து புறநகர்த் தொடர்வண்டியில் பொன்னேரியில் இறங்கி, பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களும் அவர்களது கல்லறைத் தோட்டமும் ஊரிலேயே உள்ளன.

2011 திசம்பர் 25 அன்று இங்கு சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். ஏரி ஆழமற்றதுதான், ஆனால் முகத்துவாரத்தில் நீரோட்டமும் அலையும் வலிமையானவை. அனுமதியில்லாத படகுகளில் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். பூநாரைக் கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படமெடுப்பதும், மணல்மேட்டுக் கொடிகள் மீது வண்டி ஓட்டுவதும், கட்டியிருக்கும் வலைகளைத் தொடுவதும் கூடாது. வெறும் கழிகளாகத் தெரியும் அந்த வலை, தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்.