இரவில் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் ஓஎல்இடி திரை

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-ஆம் ஆண்டு ஜோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியபோது, ஒரு சிற்றூரில் அமர்ந்து மென்பொருள் எழுத முடியும் என்பதே செய்தியாக இருந்தது. இன்று அது செய்தியல்ல. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் சொந்த வீட்டில் இருந்தபடியே சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் பணிபுரிவது இயல்பான வாழ்க்கைமுறைகளில் ஒன்றாகிவிட்டது. இத்தகையோரின் அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினித் திரை, அவ்வளவே. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் பார்க்கப்போகும் திரையைக் கூடுதல் பணம் கொடுத்தாவது நல்லதாக வாங்கிவிட வேண்டும் என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. அவ்வாறு எண்ணுவோர் முன் இன்று வைக்கப்படுவது ஓஎல்இடி திரை.

அதே அளவுள்ள சாதாரண எல்சிடி திரையைவிட அதன் விலை மூன்று, நான்கு மடங்கு. திரைப்படம் பார்க்கவும் விளையாடவும் அது இணையற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் மின்னஞ்சல், விரிதாள், நிரல் எழுதுதல், செய்தி வாசித்தல் ஆகிய அன்றாட வேலைகளுக்கு, அதுவும் நம் வீடுகளின் வழக்கங்களுக்கு நடுவே, அது எத்தகைய துணையாக இருக்கும் என்பது வேறு கேள்வி.

எல்சிடி திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு, தேவையான இடத்தில் ஒளியை விட்டும் தேவையற்ற இடத்தில் மறைத்தும் படத்தை உருவாக்குகிறது. முழுமையாக மறைக்க அதனால் இயலாது. எனவேதான் இருட்டறையில் எல்சிடியின் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை. மின்சாரம் பாயும்போது தானே ஒளிரும் கரிமச் சேர்மங்களால் ஆனது அதன் ஒவ்வொரு பிக்சலும். கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் பிக்சல் அணைந்துவிடும். குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிரும் இத்தகைய டையோடை ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் அறிவித்தனர். 2007-இல் சோனி 11 அங்குலத் தொலைக்காட்சியாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினிக்கான திரைகளில் அது பரவலாகத் தொடங்கியதோ 2022-க்குப் பிறகுதான். இந்தத் தாமதத்துக்கு விலை மட்டும் காரணமன்று.

ஒளிரும் கரிமச் சேர்மம் ஒளிர்ந்து ஒளிர்ந்தே தேய்கிறது. எந்தப் பிக்சல் அதிக நேரம், அதிக ஒளியுடன் எரிகிறதோ அது விரைவில் மங்குகிறது. மூன்று நிறங்களில் நீலமே மிகவும் நலிந்த பிள்ளை. நீல ஒளியின் ஆற்றல் அதிகம் என்பதால் அதை உமிழும் மூலக்கூறே அதனால் சிதைகிறது. சாதாரண எல்இடி விளக்குகளிலும் நீலம்தான் கடைசியாக வசப்பட்டது. அதைச் சாத்தியமாக்கிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. கரிம உலகில் நீலத்தின் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

எல்லாப் பிக்சல்களும் ஒரே சீராகத் தேய்ந்தால் நாம் கவனிக்கவே மாட்டோம்; திரை மொத்தமும் சற்று மங்கியிருக்கும், அவ்வளவே. சீரற்ற தேய்மானம்தான் தொல்லை. தொலைக்காட்சியில் படம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கணினியிலோ கீழே உள்ள பணிப்பட்டை, மேலே உள்ள பட்டிவரிசை, இரு சாளரங்களுக்கு இடையிலான செங்குத்துக் கோடு ஆகியவை காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் நிற்கின்றன. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,700 மணி நேரம். மூன்றாண்டில் 8,100 மணி நேரம். அத்தனை நேரமும் அசையாமல் நின்றவற்றின் நிழல், பின்னர் வெறும் சாம்பல் நிறப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியும். இதைத்தான் 'பர்ன் இன்' என்கிறார்கள். புதியதன்று இது. பழைய குழாய்த் திரைகளிலும் இப்படித் தடம் பதிந்தது. 'ஸ்கிரீன் சேவர்' என்ற பெயரே திரையைக் காப்பது என்ற பொருளில் அன்று வந்ததுதான்.

இந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போட உற்பத்தியாளர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை, திரை ஓய்வுநிலைக்குச் செல்லும்போது, உட்புறச் சுற்று பிக்சல்களை இயக்கும் டிரான்சிஸ்டர்களின் நிலையை அளந்து, மின்னோட்டத்தைத் திருத்தி, தற்காலிகத் தடங்களைச் சமன்செய்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆயிரம் மணி நேரங்களுக்கு மேல் ஓடிய பிறகு இன்னொரு நீண்ட சுற்று நடக்கும். அதற்கு ஒரு மணி நேரம்வரைகூட ஆகலாம். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, கால அளவும் மாறுபடும். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றே: திரை 'அணைந்திருக்க' வேண்டும், ஆனால் மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை நம் வீட்டு வழக்கத்தோடு நேராக மோதுகிறது. மேலை நாடுகளின் சுவர்ப் பிளக்குகள் பலவற்றில் சுவிட்சே கிடையாது. நம் வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் உண்டு; படுக்கப்போகும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுப்பதுதான் ஒழுங்கு என்று பிள்ளைப் பருவத்திலிருந்தே கற்பிக்கப்பட்டிருக்கிறோம். இருமாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற மின்கட்டண முறை இந்தச் சிக்கனத்துக்கு வலுச் சேர்க்கிறது. அந்த ஒழுங்கில் தவறில்லை. ஆனால் மகனோ மகளோ பத்து மணி நேரம் வேலை பார்த்து எழுந்ததும், பின்னாலேயே வரும் தாயார் சுவிட்சை அணைத்தால், அன்றைய சமன்செய்தல் நடக்காது. ஒருநாள் தடைப்பட்டால் கேடில்லை. அடுத்த வாய்ப்பில் திரை அதை மீண்டும் தொடங்கும். ஒவ்வோர் இரவும் தடைப்பட்டால், விலை உயர்ந்த அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே திரை தேய்கிறது. ஓய்வுநிலையில் இத்தகைய திரைகள் பெரும்பாலும் அரை வாட் அளவே இழுக்கின்றன. இரண்டு மாதம் முழுவதும் சுவிட்சை அணைக்காமல் விட்டாலும் ஒரு யூனிட்கூடச் செலவாகாது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இதோடு ஒப்பிடுகையில் பெரிய சிக்கலன்று. எந்தத் துணை மின்நிலையத்தில், எந்த நாளில், எத்தனை மணிவரை என்று நாளிதழ்களிலேயே முன்கூட்டி வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமழை வேறு. இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்குவது இந்தப் பகுதியில் பலரின் கை தானாகச் செய்யும் வேலை. அதை விட்டுவிடச் சொல்வதும் சரியாகாது. இடி ஓய்ந்த பின் பிளக்கை மீண்டும் செருக மறக்காமல் இருந்தால் போதும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் திரையையும் அந்த இணைப்பில் சேர்ப்பது நல்லது.

குற்றாலத்துக்காரர்கள் முதலில் கேட்கக்கூடிய கேள்வி ஈரத்தைப் பற்றியது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் துணியைக் காயவிடாது, உப்பைக் கசியச் செய்யும். ஓஎல்இடியின் கரிம அடுக்குக்கு ஈரமும் ஆக்சிஜனும் உண்மையிலேயே பகைதான். அதனாலேயே அதைக் காற்றுப் புகாதபடி மூடி முத்திரையிட்டுத்தான் தயாரிக்கிறார்கள். அந்த மூடல் சிதையாதவரை சாரல்காலக் காற்று உள்ளே போகாது. இந்த ஊரில் ஓஎல்இடிக்கு ஆடிச் சாரலைவிடச் சித்திரை வெயில்தான் கூடுதல் எதிரி. வெப்பம் கூடக்கூடக் கரிமச் சேர்மத்தின் தேய்மானம் விரைகிறது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், மின்விசிறி மட்டும் சுழலும் மே மாதப் பிற்பகலில், முழு ஒளியில் திரையை ஓட்டுவதைத் தவிர்க்கலாம்.

ஒளியைப் பற்றிய விளம்பரத்தையும் சற்று ஆராய வேண்டும். '1,000 நிட்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அது திரையின் மிகச் சிறிய பகுதி மட்டும் ஒளிரும்போது கிடைக்கும் அளவு. திரை முழுவதும் வெள்ளைப் பக்கம் விரியும்போது இன்றைய ஓஎல்இடி திரைகள் பலவற்றில் அது 250 நிட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு சாதாரண எல்சிடியும் அதைத் தரும். நீங்கள் இப்போது வாசிக்கும் இத்தகைய செய்திப் பக்கம் பெரும்பாலும் வெள்ளைதான். பகலில் கதவையும் சன்னலையும் திறந்துவைத்து வாழும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். 'கியூடி ஓஎல்இடி' என்ற வகையின் முகப்பில், வெளியொளியை விழுங்கும் போலரைசர் படலம் இருப்பதில்லை. அறையில் வெளிச்சம் விழுந்தால் அதன் பெருமைக்குரிய கறுப்பு, ஊதா கலந்த சாம்பலாக வெளுத்துவிடுகிறது. கறுப்புக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, பகல் முழுதும் அதைப் பார்க்காமலே இருக்க நேரிடும்.

தமிழில் எழுதுவோரும் மெய்ப்புத் திருத்துவோரும் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது எழுத்தின் தெளிவு. எல்சிடியின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. விண்டோஸ் எழுத்துகளை மென்மையாக்கும் முறை அந்த வரிசையை நம்பியே அமைந்தது. பல ஓஎல்இடி திரைகளில் இவை முக்கோணமாகவோ, வெள்ளையும் சேர்ந்த வேறு வரிசையிலோ அமைந்திருக்கின்றன. விளைவாக, எழுத்தின் ஓரங்களில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு மெல்லிய சாயம் படர்கிறது. நேர்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்தில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சுழியும் வளைவும் நெருங்கிய ண, ஞ, ஐ போன்றவற்றிலும், ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே பொருளை மாற்றிவிடும் மெய்யெழுத்துகளிலும் அது கண்ணைச் சோர்வடையச் செய்கிறது. 27 அங்குலத்தில் 1440 வரிசைத் திரை என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 பிக்சல். அதே அளவில் 4கே என்றால் ஏறத்தாழ 163. பின்னதில் இந்தச் சாயம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாது. விலையும் அதற்கேற்ப ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் ஓஎல்இடியே வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது. கனடாவின் ஆர்டிங்ஸ் ஆய்வகம் 2022 இறுதியில் 100 தொலைக்காட்சிகளை இடைவிடாது ஓட்டிப் பார்க்கும் நெடுஞ்சோதனையைத் தொடங்கியது. செய்தி அலைவரிசையை ஓயாமல் காட்டிய ஓஎல்இடிகளில் தடம் பதிந்தது உண்மை. ஆனால் எல்சிடிகள் பலவும் பின்விளக்குப் பழுதால் அச்சோதனையில் தடுமாறின. எதுவும் நிரந்தரமில்லை. திருமண ஒளிப்படங்களைத் திருத்துவோர், குறும்படத்துக்கு நிறம் சேர்ப்போர், பகல் வேலையை வேறு திரையில் முடித்துவிட்டு இரவில் படம் பார்ப்போர் ஆகியோருக்கு அது கொடுத்த விலைக்குத் தகுந்த பொருள். நாள் முழுதும் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே பார்ப்பவருக்கு, நல்ல ஐபிஎஸ் வகை எல்சிடியும் மிச்சப்படும் பணத்தில் முதுகைத் தாங்கும் நாற்காலியும் கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து.

வாங்கிவிட்டவர்களுக்கு மாற்ற வேண்டிய பழக்கங்கள் சிலவே. ஒளியை அறைக்குத் தேவையான அளவுக்குக் குறைப்பது, பணிப்பட்டையைத் தானே மறையும்படி வைப்பது, கருநிறப் பின்னணியைத் தேர்வது, எழுந்து போனால் இரண்டு மூன்று நிமிடத்தில் திரை அணையும்படி அமைப்பது, சுவிட்சின் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டு ஒட்டுவது. வாங்காதவர்கள் கடையில் கேட்க வேண்டியது உத்தரவாதத்தைப் பற்றி. சில நிறுவனங்கள் 'பர்ன் இன்' குறைக்கும் சேர்த்து மூன்றாண்டு உத்தரவாதம் தருகின்றன. ஒரே நிறுவனம் ஒரு மாதிரிக்குத் தந்து இன்னொன்றுக்குத் தராமலும் இருக்கலாம், வெளிநாட்டு இணையதளத்தில் உள்ள வாக்குறுதி இந்தியாவில் விற்கப்படும் பெட்டிக்குப் பொருந்தாமலும் போகலாம். அந்தச் சொல் இந்திய உத்தரவாத அட்டையில் எழுத்தில் இருக்கிறதா, பழுதானால் திரையை எடுத்துச் செல்ல ஆள் தென்காசிக்கு வருவாரா, அல்லது அட்டைப் பெட்டியோடு நாம்தான் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பேருந்து ஏற வேண்டுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.