புதிய காரும் காப்பீட்டுச் சிக்கலும்

புதிய மோட்டார் கார் ஒன்று சந்தைக்கு வருகிறது. செய்தித்தாள்களில் அதன் படம் வெளியாகிறது. விற்பனை நிலையத்தின் வாயிலில் கூட்டம் கூடுகிறது. முன்பணம் கட்டியவர் நாட்களை எண்ணிக் காத்திருக்கிறார். வண்டி கைக்கு வரும் நாள் நெருங்கும் வேளையில்தான் எதிர்பாராத இடையூறு ஒன்று தலைகாட்டுகிறது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றை அணுகினால், "இந்த மாடல் எங்கள் பட்டியலில் இன்னும் ஏறவில்லை" என்ற விடை கிடைக்கிறது. மற்றொன்றை அணுகினால், எதிர்பார்த்ததினும் மிகுதியான பிரீமியம் கேட்கிறார்கள். விற்பனையாளரோ, "எங்கள் வழியாகக் காப்பீடு எடுத்தால் இன்றே வண்டி, இல்லையேல் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும்" என்கிறார். வாங்குபவர் சலித்துப்போய், கொடுத்த தாளில் கையொப்பமிட்டு விடுகிறார்.

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இச்சிக்கல் சற்றுக் கூடுதலான கவலை தருவதாகும். சொந்த ஊரில் தெரிந்த முகவர் இருப்பார். கேட்டுச் சொல்ல உறவினர் இருப்பர். டில்லியிலோ மும்பையிலோ அகமதாபாத்திலோ அத்தகைய துணை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விபத்து நேர்ந்த பின் பாலிசியைப் பிரித்துப் படிப்பதைவிட, வாங்கும் முன்பே இதன் உட்பொருளை அறிந்துகொள்வது நலம்.

முதலில், இந்த இடையூறு ஏன் நேர்கிறது என்பதைக் காண்போம். காப்பீடு என்பது கடந்த காலக் கணக்கின் மேல் நிற்கும் தொழில். ஒரு வகைக் கார் ஆண்டுக்கு எத்தனை முறை விபத்துக்கு உள்ளாகிறது, பழுது பார்க்க என்ன செலவாகிறது, உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றனவா, அது திருட்டுப் போவது மிகுதியா என்பனவற்றை அறிந்தே நிறுவனங்கள் பிரீமியத்தை வகுக்கின்றன. நேற்று வெளியான காருக்கோ கடந்த காலம் என்பதே இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் ஐயம் குடிபுகுகிறது. ஐயம் கொண்ட நிறுவனம் ஒன்று மிகுதியாகக் கேட்கும். மற்றொன்று சிறிது காலம் ஒதுங்கி நிற்கும்.

நம் நாட்டில் இந்நிலை எக்காலத்தும் இருந்தது அன்று. 1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. 107 நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டில்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா என நான்கு நிறுவனங்கள் அமைந்தன. நான்கும் ஒரே கட்டணப் புத்தகத்தைப் பின்பற்றின. 2002இல் வெளியான மோட்டார் கட்டணப் புத்தகமும் காரின் சேதத்துக்கான விகிதத்தை வண்டியின் வயது, எஞ்சினின் கொள்ளளவு, பதிவான ஊரின் மண்டலம் ஆகியவற்றைக் கொண்டே வகுத்தது. காரின் பெயரும் புகழும் அதில் இடம்பெறவில்லை. ஆதலால் புதிய மாடல் எது வந்தாலும் விகிதம் காண்பதில் தடையில்லை. 2007 ஜனவரி முதல் நாள் இக்கட்டுப்பாடு நீங்கியது. அன்று முதல் சொந்தச் சேதத்துக்கான விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் அனுபவத்துக்கு ஏற்ப வகுத்துக்கொள்கிறது. போட்டியினால் பிரீமியம் குறைந்த நன்மையும் உண்டு. அனுபவம் இல்லாத மாடலுக்கு விலை தடுமாறும் இடரும் உண்டு.

இங்கே நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. கார்க் காப்பீடு இரு கூறுகள் கொண்டது. நம் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு ஈடு செய்வது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டிக்கே நேரும் கேட்டுக்கு ஈடு செய்வது சொந்தச் சேதக் காப்பீடு. முன்னது சட்டப்படி கட்டாயமானது. பின்னது நம் விருப்பத்தைப் பொறுத்தது, கடன் கொடுத்த வங்கி வற்புறுத்தினாலன்றி. புதிய மாடலைப் பற்றிய தயக்கம் முழுவதும் பின்னதைச் சார்ந்ததே.

மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை நிறுவனங்கள் வகுப்பதில்லை, அரசு வகுக்கிறது. அதற்கு அடிப்படை எஞ்சினின் கொள்ளளவே. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அட்டவணையில், புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து, 1000 சி.சி. வரை 6,521 ரூபாயும், 1000க்கு மேல் 1500 சி.சி. வரை 10,640 ரூபாயும், அதற்கும் மேற்பட்டால் 24,596 ரூபாயும் குறிக்கப்பட்டன. மின்சாரக் கார்களுக்குக் கொள்ளளவுக்குப் பதில் கிலோவாட் அளவு கொள்ளப்பட்டு, 15 விழுக்காடு தள்ளுபடியும் தரப்பட்டது. காரின் பெயர் நேற்றுப் பிறந்ததாயினும் இந்த அட்டவணையில் அதற்குரிய வரிசை ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே, "மாடல் புதிது, எனவே மூன்றாம் நபர் காப்பீட்டுக்குக் கூடுதல் தொகை" என்று எவரேனும் சொன்னால், அது ஏற்கத்தக்கதன்று.

மூன்று ஆண்டுகள் என்ற கணக்கு எவ்வாறு வந்தது? சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டிக் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்படி 2018 செப்டம்பர் முதல் நாள் தொடங்கி, புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும், இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். ஆனால் சொந்தச் சேதத்தையும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டும் முறை 2020 ஆகஸ்டு முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. இதை அறியாமல், "மூன்று ஆண்டுகளுக்குப் பாலிசி இருக்கிறது" என்று எண்ணி, ஓராண்டு கழிந்ததும் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுவோர் ஏமாற்றம் அடைய நேரும். அக்காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது வேறு நிறுவனத்தையும் நாடலாம். அதற்குள் அந்த மாடலுக்கும் ஓரளவு கணக்குச் சேர்ந்திருக்குமாதலால், முதலாண்டில் மிகுதியாகக் கொடுத்தவர் மறு ஆண்டில் பல இடங்களில் விசாரிப்பது பயன் தரும்.

இனிச் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு வருவோம். இதன் உயிர்நாடி, காப்பீட்டு மதிப்பு அல்லது ஐ.டி.வி. எனப்படும் தொகை. உற்பத்தியாளர் அறிவித்த விற்பனை விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து இதனைக் காண்கின்றனர். 2002ஆம் ஆண்டுப் புத்தகத்தின்படி ஆறு மாதம் வரை 5 விழுக்காடும், அதற்கு மேல் ஓராண்டு வரை 15 விழுக்காடும் கழியும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேரா. பத்து லட்சம் ரூபாய் விலையுள்ள காருக்கு வரி முதலியவற்றோடு பதினொன்றரை லட்சம் செலவிட்டோம் என வைத்துக்கொள்வோம். வண்டி திருட்டுப் போனால் வரக்கூடியது ஏறத்தாழ ஒன்பதரை லட்சமே. இந்த இரண்டு லட்ச ரூபாய் இடைவெளியை நிரப்ப, இன்வாய்ஸ் விலையை ஈடு செய்யும் கூடுதல் காப்பு ஒன்றுண்டு. கடன் வாங்கிப் புதிய கார் எடுப்போர் இதனைக் கருத வேண்டும்.

புதிய மாடலில் பெருங்கேடு விளைவிப்பது பட்டியல் பிழை. நிறுவனத்தின் கணிப்பொறியில் மாடலும் அதன் உள்வகையும் ஏறியிருந்தால்தான் விலையும் பிரீமியமும் வெளிவரும். ஏறாத நிலையில், அவசரத்தை முன்னிட்டு, அதே உற்பத்தியாளரின் பழைய மாடலையோ விலை குறைந்த உள்வகையையோ எழுதிப் பாலிசியை முடித்துவிடும் வழக்கம் சிற்சில இடங்களில் காணப்படுவதுண்டு. அன்றைக்கு வேலை முடிந்ததுபோல் தோன்றும். விபத்துக்குப் பின் ஆய்வாளர் வந்து, பாலிசியில் ஒரு வண்டியும் பட்டறையில் வேறு வண்டியும் இருப்பதைக் காணும்போதுதான் தொல்லை தொடங்கும். ஆகவே வண்டியை எடுக்கும் முன் மாடல், உள்வகை, எரிபொருள், எஞ்சின் எண், சேஸிஸ் எண், விலை ஆகிய ஆறையும் இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிழை இருப்பின் எண்டார்ஸ்மெண்ட் எனப்படும் திருத்தக் குறிப்பை எழுத்தில் பெறுக. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்மொழி நமக்கு உதவாது.

அடுத்தது பழுதுபார்க்கும் செலவு. இக்காலக் காரின் முன்தடுப்பு வெறும் தடுப்பு அன்று. அதனுள் உணர்கருவிகளும், சிலவற்றில் ரேடாரும் பொருந்தியுள்ளன. சிறு மோதலும் பெருஞ்செலவாக முடியும். புதிய மாடலுக்கு வெளிப் பட்டறைகளில் பாகங்கள் கிடைப்பது அரிது. உற்பத்தியாளரின் பட்டறையையே நாட வேண்டும். இவ்விடத்தில் தேய்மான விதியையும் அறிய வேண்டும். உலோகப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் கழிவு இல்லை. கண்ணாடிக்கு எப்போதும் இல்லை. ஆனால் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பாட்டரி, காற்றுப்பை ஆகியவற்றுக்கு முதல் நாளிலிருந்தே 50 விழுக்காடு கழியும். முன்தடுப்பு பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை நினைவில் கொண்டால், தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பின் அருமை விளங்கும். மின்சாரக் கார் வாங்குவோர் மற்றொரு வினாவும் எழுப்ப வேண்டும்: வண்டியை ஓட்டும் பெரிய பாட்டரி எந்த அளவுக்குக் காப்பில் அடங்கும்? வெள்ள நீர் புகுந்தால் என்ன நிலை? காரின் விலையில் பெரும்பங்கு பாட்டரிக்கே உரியதாதலால், இதற்குரிய விடையைப் பாலிசியின் வாசகத்திலேயே காட்டும்படி கேட்க வேண்டும்.

விற்பனையாளரின் வற்புறுத்தலைப் பற்றியும் கூறுவோம். கார் விற்போர் காப்பீடும் விற்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் நெறிமுறைகள் வகுத்தது. அவர் வழியாக எடுப்பதில் தவறில்லை. பணம் கட்டாமல் பழுதுபார்க்கும் வசதி போன்ற நன்மைகளும் இருக்கலாம். ஆனால் அவரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறுவனத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை வாங்குபவருடையது. இரண்டு மூன்று இடங்களில் எழுத்து மூலமாக விலை கேட்டு, காப்பீட்டு மதிப்பும் கூடுதல் காப்புகளும் ஒன்றாக இருக்கும்படி வைத்து ஒப்பிடுதல் முறை. மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுவது ஆதாயமாகாது.

வண்டிக்குக் கடந்த காலம் இல்லையென்றாலும், அதன் உரிமையாளருக்கு உண்டு. பழைய காரை ஈடு கோராமல் ஓட்டியவருக்கு 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற சலுகை சேர்கிறது. முதலாண்டுக்குப் பின் 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாண்டுகளுக்குப் பின் 50 விழுக்காடு வரை அது உயரும். இச்சலுகை வண்டியோடு போவதன்று, ஆளோடு வருவது. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் சான்றுக் கடிதம் பெற்று, மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். சென்னையில் விற்றுக் கல்கத்தாவில் வாங்கினாலும் இது செல்லும்.

மாநிலம் விட்டு மாநிலம் வாழ்வோர் கருத வேண்டியவை இன்னும் உள. காப்பீடு இந்தியா முழுவதும் செல்லுபடியாகும். பதிவு எண்ணுக்குத்தான் எல்லை உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பிறிதொரு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதிய எண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். 2021இல் வந்த பி.எச். வரிசை, அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய நிறுவனங்களில் பணிபுரிவோருக்கும் இத்தொல்லையைக் குறைக்கிறது. எவ்வாறாயினும் எண்ணோ முகவரியோ மாறினால், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் திருத்தம் பெறுதல் இன்றியமையாதது. சொந்த ஊர் உறவினர் முகவரியில் பதிந்து, வண்டியை நிரந்தரமாக வெளியூரில் ஓட்டுவது பிற்காலத்தில் வினாக்களை எழுப்பும்.

நிறுவனம் நியாயமின்றி மறுத்தாலோ, ஈட்டைக் குறைத்தாலோ என்ன செய்வது? முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவு தராவிட்டாலும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தை அணுகலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையிடுபவர் குடியிருக்கும் இடத்துக்கு உரிய அலுவலகமே போதும். புனேயில் வாழ்பவர் இதற்காகச் சென்னைக்கு வர வேண்டியதில்லை. இதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டா.

இறுதியாக ஒன்று. சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு விலை படியவில்லை என்பதற்காகக் காப்பீடே இன்றி வண்டியைச் சாலையில் இறக்குதல் ஒருபோதும் கூடாது. முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ நேரலாம். அதனினும் பெரிது, நம் வண்டியால் ஒருவர் உயிரிழந்தால் அக்குடும்பத்துக்குரிய ஈட்டை நம் கைப்பொருளிலிருந்தே தர நேரும் நிலை. ஆகவே மூன்றாம் நபர் காப்பீட்டை முதல் நாளே உறுதி செய்துகொள்வோம். மற்றதற்குச் சில நாட்கள் ஆகுமாயின், வண்டி எடுப்பதை அச்சில நாட்கள் தள்ளிவைப்போம். தாளைப் படித்துச் சரிபார்த்த பின் வண்டியை எடுப்பவருக்கே, அயலூரில் விபத்து நேர்ந்தாலும், அந்தத் தாள் துணை நிற்கும்.