களைத்த இருதயத்துக்கு ஓய்வு

காஞ்சி மாநகருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த திருப்புட்குழியில், ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலமென்று வைணவர் போற்றும் விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளைப்பேறு வேண்டி வரும் மகளிர், வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு துயின்று, அது முளைவிட்டால் வேண்டுதல் பலித்ததென்று மகிழ்வது நெடுங்கால வழக்கம். அவ்வாறு வரம் கேட்டுப் பெற்ற சிசு, பிறந்தபோது குறையொன்றுமின்றித் தோன்றி, ஓரிரு மாதங்களில் பாலருந்தும்போதே நெற்றி வியர்த்து, மூச்சிரைத்து, எடை கூடாமல் மெலியத் தொடங்குமாயின், திருஷ்டி கழிப்பதோடு தாய் நின்றுவிடலாகாது. இருதயத்தின் கீழறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் பெரிய துவாரம் இருக்கக்கூடும். பிறந்த புதிதில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகியிருப்பதால் அத்துவாரம் தன் தீமையைக் காட்டுவதில்லை. வாரங்கள் செல்லச் செல்ல அக்குழாய்கள் நெகிழ, இரத்தம் துவாரத்தின் வழியே நுரையீரலுக்குப் பெருகிப் பாய்ந்து, மிகைச் சுமையால் இருதயம் தளர்கிறது. உரிய காலத்தில் சஸ்திர சிகிச்சை செய்து அதனை அடைத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன.

பெரியவர்களின் நிலை இவ்வளவு எளிதன்று. மாரடைப்பினாலோ, நெடுநாள் கவனியாத இரத்தக் கொதிப்பினாலோ தசை நலிந்த இருதயம் நின்றுவிடுவதில்லை. சரீரத்துக்கு வேண்டிய இரத்தத்தை அனுப்ப மாட்டாமல் திணறுகிறது. இரத்தம் குறைந்ததை உணர்ந்த சிறுநீரகங்கள், உடல் வறண்டுவிட்டதென்று மயங்கி, உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன; நரம்புகளோ இருதயத்தை இன்னும் விரைந்து துடிக்குமாறு விரட்டுகின்றன. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் உபாயமே இவ்வாறு பகையாகிக் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் வைத்தியர் விலக்கச் சொல்வதும், நாள்தோறும் எடை பார்க்கச் சொல்வதும் இந்தத் தேக்கத்தைக் கருதியே.

1785-இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் டிஜிடாலிஸ் செடியின் இலையைப் பற்றி நூலெழுதிய காலந்தொட்டு, தளர்ந்த இருதயத்தை ஊக்கிவிடுவதே முறையென்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பான காரியம் அது. 1975-இல் ஸ்வீடன் தேசத்து வாக்ஸ்டீனும் அவருடைய தோழர்களும் அதற்கு நேர்மாறாக, துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அதை விபரீதமென்றே பலரும் எண்ணினர். 1999-இல் வெளிவந்த இரு பெரும் ஆய்வுகள் அம்மருந்தினால் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதை நிரூபித்தன. இதற்கிடையே, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததன் பயனாக, குழாய்களை நெகிழ்த்திச் சுமையைக் குறைக்கும் மருந்துகளும் தோன்றியிருந்தன. நீரிழிவுக்கென்று செய்த ஒரு வகை மாத்திரை, நீரிழிவு இல்லாதவருக்கும் இருதயத் தளர்ச்சியில் உதவுகிறதென்று 2019-இல் தெரியவந்தது எதிர்பாராத லாபம்.

ஆயினும் குழந்தைகள் உருவில் சிறுத்த பெரியவர்கள் அல்லர். பெரியவர்களுக்கு அவ்வளவு நன்மை செய்த பீட்டா பிளாக்கர், 2007-இல் வெளியான குழந்தைகள் ஆய்வில் திட்டமான பலன் காட்டவில்லை. மருந்துக்கு அடங்காத குழந்தைக்கு மாற்று இருதயமே கதியாகும். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் 15 வயது மகனுடைய உறுப்புகளைத் தானமளிக்க, போலீசார் சாலையை ஒழித்துக் கொடுத்ததால் அவ்விருதயம் 11 நிமிடங்களில் சென்னை முகப்பேர் மருத்துவமனையை அடைந்து, 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் சாதாரண மக்களின் பேச்சுக்கு வந்தது அதன் பின்னரே என்பது என் துணிபு.

எனினும் கைக்குழந்தையின் மார்புக்குப் பொருந்தும் இருதயம் நினைத்த நேரத்தில் கிட்டுவதன்று. காத்திருக்கும் காலத்தில் உடலுக்கு வெளியே அமைந்து இரத்தத்தை இறைக்கும் ‘பெர்லின் ஹார்ட்’ போன்ற சிறு யந்திரங்கள் உயிரைத் தாங்குகின்றன. இருதயத் தசை அழற்சியுற்ற குழந்தைகள் சிலருக்கு, இந்த யந்திரம் சுமையை ஏற்றிருக்கும் வாரங்களில் சொந்த இருதயமே தேறிவிடுவதுண்டு. அப்போது யந்திரத்தைக் கழற்றிவிட்டு, மாற்று இருதயத்துக்குக் காத்திருப்போர் வரிசையிலிருந்து அக்குழந்தையின் பெயரை நீக்கிவிடுகிறார்கள்.