உஷார்! பொன்னி வயலுக்கு மூன்று மூட்டை யூரியாவா?

சம்பா நட்டிருப்பவர்கள் அடுத்த மேலுரம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பக்கத்து வயல்காரர் ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போட்டார், பயிர் கருகருவென்று நிற்கிறது, நாமும் போடுவோம் என்று கிளம்பாதீர்கள். அவர் நட்டது என்ன ரகம், நீங்கள் நட்டது என்ன ரகம்? இது தெரியாமல் மூட்டையைப் பிரிக்கவே கூடாது.

ஒரே மண், ஒரே உரம்தான். ரகம் மாறினால் பலன் தலைகீழாகிவிடும். 1966-இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8-க்கு, தைவான் ரகம் ஒன்றிலிருந்து குட்டை மரபணு வந்தது. தண்டை நீளவைக்கும் ஜிப்ரலின் ஹார்மோனை அது மட்டுப்படுத்துகிறது. அதனால் தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தாலும் பயிர் நெடுநெடுவென்று வளராமல் தூர் கட்டும், கதிர் கனத்தாலும் நிமிர்ந்து நிற்கும். பிறகு வந்த குட்டை ரகங்கள் பலவும் இந்த வழிதான். வெள்ளைப் பொன்னி அப்படியல்ல. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனியெல்லாம் அறவே அப்படியல்ல. யூரியா கூடினால் இவற்றில் அடிக்கணு நீண்டு, தண்டு வலுவிழந்து, பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு மழைக்காற்றுக்கே படுத்துவிடும். படுத்த நெல் தண்ணீரில் ஊறிக் கதிரிலேயே முளைவிடும். அறுவடை இயந்திரமும் அதில் ஊர்ந்துதான் போகும். மணிக்கணக்கில் வாடகை ஏறும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரையைப் பாருங்கள். மத்திய, நீண்டகால ரகங்களுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து. மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கு 75 கிலோதான், சரிபாதி! முழுவதையும் யூரியாவாகவே போட்டாலும் ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்றரைக்கு மேல் தேவையில்லை. அடியுரமாக டி.ஏ.பி. போட்டிருந்தால் அதையும் கழியுங்கள்: 50 கிலோ மூட்டை ஒன்றில் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது, ஏறக்குறைய 20 கிலோ யூரியாவுக்குச் சமம். பலர் கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான்.

கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இலை வண்ண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலை பத்தைப் பறிக்காமல் அட்டைமேல் வைத்து, உங்கள் நிழலிலேயே பாருங்கள். பொன்னிக்கு எல்லை 3, மற்ற ரகங்களுக்கு 4. பாதிக்கு மேற்பட்ட இலைகள் எல்லைக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் உரம் போடுங்கள்.

ஏற்கெனவே கூடுதலாகப் போட்டுவிட்டீர்களா? அடுத்த தவணையை நிறுத்துங்கள். தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுங்கள். தழைச்சத்து மிஞ்சிய வயலைத்தான் புகையானும் குலைநோயும் முதலில் பிடிக்கும். வரப்பில் நின்று பார்த்தால் புகையான் தெரியாது. உள்ளே இறங்கித் தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்புப் பூச்சிகள் அடையாக ஒட்டியிருந்தால், அன்றைக்கே தண்ணீரை வடித்துவிட்டு வேளாண் அலுவலரிடம் போய்ச் சொல்லுங்கள்.