விழுவது ஒன்று, மோதுவது வேறு

சைக்கிளில் ட்ரிபிள்ஸ் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார் என்பது நம் ஊரில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சட்டம். ஜப்பானில் அதே ட்ரிபிள்ஸ் 2008-ல் தேசியப் பிரச்சினையாகிவிட்டது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று உட்கார வைத்துக்கொண்டு காப்பகத்துக்கு மிதிக்கும் அம்மாக்களை டோக்கியோவில் எந்தத் தெருவிலும் காலையில் பார்க்கலாம். அந்த நாட்டின் தேசியக் காவல் முகமை, போக்குவரத்து விதிக் கையேட்டைத் திருத்தும்போது ‘இரண்டு குழந்தைகளை ஏற்றக் கூடாது’ என்று அழுத்தமாக எழுத முனைந்தது. விதி புதிதல்ல, ஏற்கெனவே இருந்ததுதான். போலீஸாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. எழுத்தில் வரப்போகிறது என்றதும் அம்மாக்கள் கொதித்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் காப்பகத்தில் விட்டுவிட்டு எட்டரை மணி ரயிலை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்குக் காவல் முகமையிடம் பதில் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ‘ஏற்றாதே’ என்பதைக் கைவிட்டு, ‘அதற்கென்று செய்த வண்டியில் ஏற்று’ என்றார்கள். இரண்டு குழந்தைகளின் பாரத்தைச் சட்டகம் தாங்க வேண்டும், அந்தப் பாரத்தோடு பிரேக் பிடிக்க வேண்டும், ஓடும்போது ஹேண்டில் நடுங்கக் கூடாது, நிறுத்தினால் சாயக் கூடாது என்று தரம் வகுத்து, அதில் தேறிய வண்டிகளுக்கு 2009 ஜூலையிலிருந்து அனுமதி வந்தது. தயாரிப்பாளர்கள் சக்கரத்தை 20 அங்குலத்துக்குக் குறைத்துக் குழந்தை இருக்கையைத் தாழ்த்தினார்கள். ஸ்டாண்டை அகலமாக்கினார்கள். ஸ்டாண்டைப் போட்டதும் ஹேண்டில் தானாக இறுகிக்கொள்ளும் ஏற்பாடும் சில மாடல்களில் வந்தது.

ஹேண்டில் இறுகுவதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். குழந்தையை சைக்கிளில் ஏற்றுவதில் ஆபத்து இரண்டு வகை. வண்டி சாய்ந்து குழந்தை விழுவது ஒன்று. வேறொரு வண்டி வந்து மோதுவது இன்னொன்று. பெற்றோர் பயப்படுவது பெரும்பாலும் இரண்டாவதற்கு. முதலாவது வண்டி நிற்கும்போதே நடந்துவிடும்.

காப்பக வாசலில் பாருங்கள். மின்விசை உதவியுள்ள சைக்கிள், இருக்கைகளோடு சேர்த்து 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஸ்டாண்டில் நிற்கிறது. அம்மா சின்னதை முன் இருக்கையில் வைத்துவிட்டு, பெரியதைத் தூக்கத் திரும்புகிறாள். முன்பாரத்தில் ஹேண்டில் மெல்லத் திரும்ப, வண்டி அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்குகிறது. ஒரு கையில் பிள்ளை, தோளில் பை. சாயும் வண்டியை ஒற்றைக் கையால் பிடிக்க யாராலும் ஆகாது. குழந்தையின் தலை தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கை நீட்டித் தடுத்துக்கொள்ளும் திறனும் அந்த வயதில் போதாது. வேகமே இல்லாத விபத்தில் தலையில் அடிபடுவது இப்படித்தான்.

அதனால் அங்கே பெற்றோருக்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுக்கிறார்கள். ஹெல்மெட்டைத் தரையிலேயே மாட்டிவிட வேண்டும். பின் இருக்கைப் பிள்ளையை முதலில் ஏற்ற வேண்டும், முன் இருக்கைப் பிள்ளையைப் பிறகு. உட்கார்ந்த உடனே பெல்ட். இறக்கும்போது முன்னால் இருப்பது முதலில். ஹெல்மெட் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. பிள்ளையை இருக்கையில் விட்டுவிட்டு ‘ஒரு நிமிஷம்’ என்று கடைக்குள் போவது அறவே கூடாது. பையை ஹேண்டிலில் தொங்கவிடுவதும் அப்படித்தான்.

பாரத்துக்கும் வயதுக்கும் கணக்கு உண்டு. தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டோடு கழுத்தைத் தாங்கும் ஒரு வயதுக்கு முன்னால் இருக்கையில் வைப்பதில்லை. முன் இருக்கைக்கு 15 கிலோ, பின் இருக்கைக்கு 22 கிலோ என்பது அங்கே நெடுநாள் வழக்கில் இருந்த வரம்பு. இரண்டு பிள்ளைகளும் ஏறினால், ஓட்டுபவரையும் சேர்த்து வண்டி 100 கிலோவைத் தாண்டிவிடும். அதைக் காலால் மட்டும் மேட்டில் தள்ளுவது கடினம். யமஹா 1993-ல் கொண்டுவந்த மின்விசை சைக்கிள் இந்த அம்மாக்களின் வண்டியானதில் ஆச்சரியமில்லை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெடலில் விழும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் மோட்டார் உதவுகிறது. ஒரு காலைப் பெடலில் வைத்து, மறுகாலால் தரையை உந்திக்கொண்டு ஏறும் நம் பழக்கத்தை அதில் காட்டினால், ஆள் சீட்டில் உட்காருமுன் வண்டி முன்னால் பாய்ந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடு என்று சொல்வதும் இதனால்தான்.

நம் ஊரில், வண்டியாலேயே வரும் ஆபத்துகளில் முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று: சக்கரத்தில் கால் மாட்டுவது. கேரியரில் பின்னால் உட்காரும் பிள்ளைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். தூக்கம் வந்தாலோ, திரும்பி வேடிக்கை பார்த்தாலோ குதிகால் ஆரக்கம்பிகளுக்குள் போய்விடும். சக்கரம் காலை இழுத்துச் சட்டகத்தோடு சேர்த்து நசுக்குகிறது. தோல் கிழிவதோடு நிற்காமல் சிலருக்கு எலும்பும் முறிகிறது. மேலே பார்க்கச் சின்னக் காயம்போல இருந்தாலும் நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாளில் கறுத்து உரியலாம் என்பதால் இதை வீட்டு வைத்தியத்தோடு விடக் கூடாது. தடுக்க ஆகும் செலவோ அற்பம். லேடீஸ் சைக்கிளில் சேலை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்தில் போடும் வலையை இரண்டு பக்கமும் போட்டு, கால் வைக்க ஒரு தாங்கியைப் பொருத்தினால் போதும். சேலைக்குச் செய்ததைக் காலுக்குச் செய்ய ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் விழுவதையும் வண்டியாலேயே வரும் காயத்தையும் பற்றி. காசு போட்டால், கவனமாக இருந்தால், பெரும்பகுதி சரியாகிவிடும். மோதுவது அப்படியில்லை. பின்னாலிருந்து வரும் லாரியிடம் நல்ல பெல்ட்டும் ஹெல்மெட்டும் செல்லாது. ஓட்டுபவர் கையில் இருப்பது, தெருவில் எங்கே ஓட்டுகிறோம் என்பதுதான். அதிலும் பிள்ளை இருக்கிறதே என்ற பயம் தப்பான இடத்துக்குத் தள்ளும். பஸ்ஸுக்கு ஒதுங்கி இடது ஓரத்தை ஒட்டியே போவோம். அங்கேதான் நிறுத்திய கார்களின் கதவுகள் திடீரென்று திறக்கின்றன. சாலை முனையில் இடது பக்கம் திரும்பும் லாரி, கண்ணாடியில் தெரியாத சைக்கிளை உள்ளே வளைத்துக்கொள்வதும் அங்கேதான். நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் விலகி நேர்கோட்டில் ஓட்டுவதும், முனையில் பெரிய வண்டிக்கு இடப்பக்கமாக நுழையாமல் பின்னால் நின்றுவிடுவதும் பயத்துக்கு எதிரான செயல்களாகத் தோன்றும். ஆனாலும் அவைதான் பாதுகாப்பு. பெரிய சாலையைவிட அஞ்சு நிமிடம் கூடுதலாகும் உள்தெரு நல்லது.

இந்த இரண்டாவது ஆபத்தைத் தெருவிலேயே தீர்க்கப் பார்த்த நாடு நெதர்லாந்து. 1971-ல் அங்கே சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹாஃப், ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற தலைப்பில் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே இயக்கத்தின் பெயரானது. மார்ட்யே வான் புட்டன் அதன் முதல் தலைவி. பெற்றோர்கள் தெருக்களை மறித்தார்கள், விபத்து நடந்த இடங்களில் கூடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாத சாலைகளைப் பார்த்த மக்களுக்கு இவர்கள் கேட்பது நடக்கக்கூடியது என்று புரிந்தது. கார்கள் நடையளவு வேகத்தில்தான் வரலாம் என்ற குடியிருப்புத் தெருக்களுக்கு 1976-ல் சட்டத்தில் இடம் கிடைத்தது. தனி சைக்கிள் பாதைகள் பத்தாண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல வந்தவை. ஆம்ஸ்டர்டாம் தன் பெரும்பாலான தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவந்தது 2023 டிசம்பரில்தான்.

அங்கே முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்து போவதைப் பார்த்தால் நமக்குப் பதறும். அவர்களுக்குப் பதறாததற்குக் காரணம் தெரு. பெட்டி தாழ்வாக இருப்பதும், பிள்ளைகள் ஓட்டுபவரின் கண்முன்னே இருப்பதும் கூடுதல் வசதி. ஆனால் நல்ல தெரு மோசமான வண்டியை மன்னித்துவிடாது. பாபூ என்ற பெயர்பெற்ற பெட்டி சைக்கிள்களின் சட்டகம் உடைவதாகப் புகார்கள் குவிந்து, 2024 பிப்ரவரியில் அரசு அமைப்பு அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது.

ஜப்பான் பாதியில் நின்றது. வண்டியைத் திருத்தியவர்கள் தெருவை அப்படியே விட்டதால், லாரிக்குப் பயந்த அம்மாக்கள் நடைபாதையிலேயே ஓட்டினார்கள். சட்டப்படி சைக்கிள் சாலையின் இடப்பக்கம் போக வேண்டிய வாகனம். நடைபாதையில் ஓட்டுவது விதிவிலக்கு. இதனால் 100 கிலோ பாரம் முதியவர்கள் நடக்கும் இடத்துக்கு வந்தது. பயத்தை அம்மாவிடமிருந்து பாட்டியிடம் மாற்றிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஹெல்மெட் அணிவிக்க முயல வேண்டும் என்ற 2008 விதியும், அதை எல்லா வயதினருக்கும் நீட்டிய 2023 ஏப்ரல் விதியும் அபராதம் இல்லாதவை. அவையும் விழுவதற்கான மருந்துதான். தெருவின் பக்கம் திரும்பும் சட்டம் 2024-ல்தான் வந்தது. சைக்கிளைக் கடக்கும் கார் இடைவெளி விட வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதி அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1. நடுக்கோடு இல்லாத குறுகிய சாலைகளில் பொது வேக வரம்பு 60-லிருந்து 30 ஆகும் நாள் 2026 செப்டம்பர் 1.

இந்தியாவில் 2022-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், ஒன்பது மாதம் ஆகிவிட்டால் ஹெல்மெட்டும் வேண்டும், அது சைக்கிள் ஹெல்மெட்டாக இருந்தாலும் சரி, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஆனால் அந்த 40 என்பது குழந்தையை ஏற்றிய வண்டிக்கு மட்டும். அதே தெருவில் பக்கத்தில் சீறிப் போகும் பஸ்ஸுக்கும் காருக்கும், குழந்தையைக் கேரியரில் வைத்து ஓரமாக மிதித்துப் போகும் அப்பாவைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்த விதியில் எதுவும் இல்லை.