கண்ணில் சொனை பட்டால் தொடக் கூடாத புட்டி

அழகர்கோவில் மலையடிவாரத்தில் நெல் அறுப்பு தொடங்கிவிட்டால் மருந்துக் கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணே, கண்ணுல நெல்லுச் சொனை பட்டிருச்சு. செவந்துபோய் நீரா ஊத்துது. சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க." கடைக்காரரும் சின்னப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டுவார். சில வீடுகளில் கடைக்குப் போகிற வேலையும் இல்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த மருந்து மாடத்தில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் பாதி மிச்சமிருக்கும்.

அந்தப் புட்டியில் ஸ்டீராய்டு இருந்தால் அது பார்வையையே பறித்துவிடலாம்.

ஸ்டீராய்டு நம் உடம்புக்குப் புதிதல்ல. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற பெயரில் அதைத் தினமும் சுரக்கிறது. ஆய்வகத்தில் செய்த டெக்ஸாமெத்தசோனுக்கு அழற்சியை அடக்குவதில் கார்ட்டிசாலைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வீரியம். சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டும்போது தெரியும் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்த மல்லுக்கட்டையே அடக்கிவிடும். கண் வெளுக்கும், உறுத்தல் குறையும். கிருமி மட்டும் உள்ளே இருக்கும்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1948இல்தான், அதே முடக்குவாதத்தால் ராணுவ மருத்துவப் பணியை விட்டு வெளியேறினார் நம்மூர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. கோணிப்போன அந்த விரல்களாலேயே கண் அறுவை சிகிச்சை பழகி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சொனை பட்ட கண்ணைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன இடங்களில் அதுவும் ஒன்று.

1994இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு அங்கே வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் முதலில் அடி பட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியா எத்தனை பேருக்கோ, கிட்டத்தட்ட அத்தனை பேருக்குப் பூஞ்சை. அதிகம் கண்ட பூஞ்சை ஃபியூசேரியம். மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. நெல் சொனையும் கரும்புச் சோகையும் கருவிழியைக் கீறும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது.

பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விடுவது காய்ந்த வைக்கோலில் நெருப்பு வைக்கிற மாதிரி. முதல் இரண்டு நாள் சுகமாக இருக்கும்; அந்தச் சுகத்தை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பிறகு புண் ஆழமாகும், கருவிழி ஓட்டையாகலாம். ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நிற்கும். கிராமத்தில் "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்பார்களே, அதுதான்.

பூஞ்சையா பாக்டீரியாவா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தைத் தட்டையான சின்னக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூலிழைகள் தெரியும். சில நிமிட வேலை. பூஞ்சைக்கு நாட்டமைசின் என்ற தனி மருந்து உண்டு. பாக்டீரியாப் புண்ணுக்காவது ஸ்டீராய்டு உதவுமா என்று 500 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வந்தது. சோதனையில் பெரும்பாலோர் அரவிந்தின் நோயாளிகள். மொத்தத்தில் பார்வை கூடுதலாகத் தேறவில்லை.

ஆபத்து புண்ணோடு நிற்பதில்லை. வெயில் காலத்தில் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்கு, ஒருமுறை எழுதித் தந்த சொட்டையே மாதக்கணக்கில் வாங்கி விடுகிறார்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு விட்டால் மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறுகிறது. சிலருக்கு மிக அதிகமாக. வலி தெரியாமல் நரம்பு சாகும். ஸ்டீராய்டால் கண்புரை வந்தால் ஆபரேஷன் செய்யலாம், கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது.

ஆனாலும் ஸ்டீராய்டை நான் வில்லனாக்க மாட்டேன். கண்ணின் உள்ளழற்சிக்கும், மாற்றிவைத்த கருவிழியை உடம்பு ஒதுக்காமல் காப்பதற்கும், புரை ஆபரேஷனுக்குப் பிறகும் இது முக்கியமான மருந்து. மருத்துவர் சொல்லி எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்து சட்டப்படி ஷெட்யூல் ஹெச். சீட்டில்லாமல் விற்கக் கூடாது. புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

கண்ணில் சொனை பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கசக்க வேண்டாம், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட வேண்டாம். அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மாடத்தில் இருக்கும் பழைய புட்டியை இன்றைக்கே தூக்கி எறிந்துவிடுங்கள்.