செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னைவாசிகளில் பழைய தலைமுறையினர் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்து வந்தனர். 1851-ம் வருஷத்தில் நுங்கம்பாக்கத்துக் காலேஜ் கட்டிடத்தில் ஆரம்பமான அப்பொருட்காட்சிசாலையின் முதல் தலைவர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் வைத்தியர். அது எழும்பூருக்கு மாறிய பின்னர், 1855-ல் அதன் தோட்டத்திலேயே மிருகக்காட்சிசாலையைத் தொடங்கியவரும் அவரே. ஆகவே இரு காலேஜுகளும் ஒரு வயிற்றில் பிறந்தவை. பிற்பாடு உயிருள்ளவை வேறிடம் சென்றன. செத்தவை கண்ணாடி அலமாரிக்குள் நின்றுவிட்டன. ஜனங்கள் இட்ட பெயர் வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. அதில் ஒரு குற்றச்சாட்டும் அடங்கியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

அக்குற்றச்சாட்டுக்குத் தக்க விடை, கோடை விடுமுறையில் மாணாக்கருக்கு நடத்தப்பெறும் விஞ்ஞானப் பயிற்சி முகாமாகும். வரிசையாக நடந்து, எட்டிப் பார்த்து, அரைமணி நேரத்தில் வெளியேறுவது கல்வியன்று. அலமாரியைத் திறந்து பொருளைக் கையிற் கொடுத்து, ‘இது என்ன, ஏன் இப்படி இருக்கிறது’ என்று கேட்பதே கல்வி. மைசூரில் காரஞ்சி ஏரிக்கரையில் 1995-ல் திறக்கப்பெற்ற வட்டார இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில், பொருள்களைத் தொட்டு ஆராய்வதற்கென்றே தனிப் பகுதி அமைத்திருக்கிறார்கள்.

கையினால் கற்பதன் பயன் யாது? மேல்நாட்டு முகாம்களில் வழங்கும் ஒரு பயிற்சியைச் சொல்லுவோம். கூகை எலியை முழுதாக விழுங்கும்; ஜீரணமாகாத எலும்பையும் மயிரையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டையைக் கிருமி நீங்கச் சூடேற்றிய பின், சிறுவர்கள் சாமணத்தால் பிரித்து எலும்புகளை அடுக்குகிறார்கள், மண்டையோடுகளை எண்ணுகிறார்கள். கூகையின் குரலை அபசகுனம் என்று அஞ்சும் நமது கிராமத்துச் சிறுவன் ஒருவன் இதைச் செய்வானாயின், தன் தகப்பனாரின் நெல்லைத் தின்னும் எலிக்கு யார் சத்துரு, உழவனுக்கு யார் மித்திரன் என்பதை அவனே கண்டுகொள்வான். பத்து உபந்நியாசங்களால் அகலாத மூடநம்பிக்கையை நான்கு எலும்புகள் அகற்றிவிடும். அவ்வாறே, அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையிற் கிடைத்த அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் கல்லுருவைக் கையில் ஏந்தும் பெண், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அந்நிலம் கடலடியில் இருந்ததை ஒருநாளும் மறக்கமாட்டாள்.

திறந்த அலமாரி ஒன்று தேசத்துக்கு என்ன தரும் என்பதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் ஒரு சிறுவன், தான் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு எடுத்துச் சென்றான். அங்கே காரியதரிசியாக இருந்த மில்லார்ட் அவனை விரட்டவில்லை, பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார், புத்தகங்களும் கொடுத்தார். அச்சிறுவனே 1987-ல் காலமான ஸாலிம் அலி. இந்தியப் பறவை நூல் அவரிடம் பெற்ற வளர்ச்சியை நேயர்கள் அறிவார்கள்.

‘குழந்தைகள் தொட்டால் அரிய பொருள்கள் கெட்டுவிடுமே’ என்று ஆட்சேபிப்பவர் உளர். 1978-ல் டில்லியில் திறக்கப்பெற்ற தேசிய இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலை 2016-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி தீயில் அழிந்தது. கட்டிடத்தின் தீத்தடுப்புச் சாதனங்கள் இயங்கவில்லை என்று தீயணைப்பு அதிகாரிகள் அன்றே கூறினர். அச்செல்வத்தை அழித்தவை குழந்தைகளின் விரல்களா? ஈடற்ற மாதிரிகளைப் பூட்டி வையுங்கள், காவல் செய்யுங்கள். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும், சுண்ணச்சாந்தில் வார்த்த அச்சுகளையும் மாணாக்கர் கையில் கொடுப்பதற்குத் தடை என்ன? இதன் பொருட்டு எந்த உயிரையும் கொல்ல வேண்டுவதில்லை. உதிர்ந்த இறகும் குளத்து நீரும் பூதக்கண்ணாடியுமே போதும்.

இன்று கோடை முகாம் என்பது பெரும்பாலும் பணம் கட்டக்கூடிய நகரவாசிகளின் குழந்தைகளுக்கே கிட்டுகிறது. இது தகாது. சர்க்கார் பொருட்காட்சிசாலை உள்ள ஜில்லா ஒவ்வொன்றிலும், ஏப்ரல், மே மாதங்களில், தமிழிலேயே, கட்டணமின்றி இம்முகாம்கள் நடைபெற வேண்டும். கிராமப் பள்ளிகளிலிருந்து வருவோருக்குப் பஸ் செலவும் பகலுணவும் அளிக்க வேண்டும். மாணாக்கரோடு ஓர் உபாத்தியாயரும் வந்து பயில்வாராயின், முகாமின் பயன் வருஷம் முழுவதும் வகுப்பறையில் நீடிக்கும்.

பொருட்காட்சிசாலைகள் ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பவை. அவற்றின் அலமாரிச் சாவி யாருக்காக இருக்கிறது என்று கேட்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு. பொதுத்தொண்டில் ஈடுபட்ட நேயர்கள் அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே தத்தம் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரைக் கண்டு இக்கேள்வியைக் கேட்பார்களாக.